தனி ஆள்தானே என்று கைவிடாதீர்கள்: பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கு,

வெளிநாட்டிலிருந்து புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியர்களுக்கு நீங்கள் மூன்று உதவிகளைச் செய்துவந்தீர்கள். விமான நிலையத்துக்கு ஆள் அனுப்பினீர்கள், முதல் மாதம் தங்க இடம் கொடுத்தீர்கள், முதல் சம்பளம் வரும்வரை சமாளிக்க முன்பணம் தந்தீர்கள். வரும் கல்வியாண்டிலிருந்து இவை குடும்பத்தோடு வருபவர்களுக்கு மட்டும்தான் என்று முடிவெடுத்திருக்கிறீர்கள். தனியாக வருபவர்கள் தங்கள் ஏற்பாடுகளைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டுமாம். அதற்கு உங்கள் சுற்றறிக்கை சொல்லும் காரணம் ஒரே வரிதான்: தனி நபர்களின் தேவைகள் குறைவு.

அந்த வரியைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. நான் உங்கள் பள்ளிகளில் ஒன்றில் கணிதம் கற்பித்தவள். தனியாக வந்து சேர்ந்தவள். நான் வந்தபோது இந்த மூன்று உதவிகளில் ஒன்றுகூடக் கிடையாது. எங்களைப் போலத் தனியாக வந்த சிலர் சேர்ந்து எழுதிக் கேட்ட பிறகுதான் அவை வந்தன. அப்புறம் வந்த புது ஆசிரியர்களை அழைத்துவர விமான நிலையத்துக்கு நானே பலமுறை போயிருக்கிறேன். உதவி இல்லாமல் வந்த காலத்தையும் உதவியோடு வந்தவர்களையும் பக்கத்தில் இருந்து பார்த்ததால்தான் எழுதுகிறேன். இன்று நான் வேறொரு நாட்டில் வேலை பார்க்கிறேன். உங்கள் முடிவால் எனக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. பள்ளியின் பெயரை எழுதாததற்குக் காரணம், அங்கே இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும் என் சக ஆசிரியர்கள். கடிதத்தை வெளிப்படையாக வைப்பதற்குக் காரணம், இதே முடிவை எடுக்கலாமா என்று யோசிக்கும் மற்ற பள்ளிகளும் இதைப் படிக்க வேண்டும் என்பது.

தேவைகள் குறைவு என்று எழுதியவர், தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத நாட்டில் தனியாகப் போய் இறங்கியிருக்க மாட்டார்.

நான் வந்து இறங்கியது நள்ளிரவு தாண்டி. குடிவரவு அதிகாரி நீட்டிய படிவத்தில், இந்த நாட்டில் தங்கப்போகும் முகவரி என்று ஒரு கட்டம் இருந்தது. என் ஆஃபர் லெட்டரில் இருந்ததோ பள்ளியின் தபால் பெட்டி எண் மட்டும். இது முகவரி ஆகாது என்றார் அதிகாரி. வேலைக்கு ஆள் சேர்த்த ஏஜென்சி கொடுத்த எண்ணுக்குப் பேசலாம் என்றால் கையில் உள்ளூர் சிம் இல்லை. விமான நிலைய வைஃபையில் நுழையவும் உள்ளூர் எண்ணுக்கு வரும் ஓடிபி வேண்டுமாம். எனக்குப் பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக என்னைத் தாண்டிப் போனார்கள். கடைசியில் பணி அனுமதிக் கடிதத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்த தெருப் பெயரைத் தேடிப் பிடித்து எழுதிக் கொடுத்தேன். அடுத்து, விடியும்வரை எங்கே இருப்பது என்ற கேள்வி. இருவராக வந்திருந்தால் ஒருவர் பெட்டிகளைப் பார்த்துக்கொள்ள, இன்னொருவர் தகவல் மேசைக்குப் போய் விசாரித்திருப்பார். கழிப்பறைக்குப் போவதென்றால்கூட எல்லாப் பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு போக வேண்டிய நிலையில் இருந்தேன் நான். அந்த இடத்தில் என் பெயர் எழுதிய அட்டையோடு ஒருவர் நின்றிருந்தால் பள்ளிக்கு என்ன செலவாகியிருக்கும்?

சரி, அது ஓர் இரவோடு போயிற்று. அதற்குப் பின்னால் வந்த வாரங்களைப் பற்றித்தான் நீங்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். வீடு வாடகைக்குக் கேட்டால் உள்ளூர் வங்கிக் கணக்கு இருக்கிறதா என்கிறார்கள். வங்கிக்குப் போனால் குடியிருப்பு அட்டை கேட்கிறார்கள். குடியிருப்பு அட்டைக்கு விண்ணப்பிக்க முகவரிச் சான்று வேண்டும், அதாவது கையெழுத்தான வாடகை ஒப்பந்தம். சொந்தப் பெயரில் சிம் வாங்கவும் அதே அட்டைதான். வங்கிச் செயலி வேலை செய்ய அந்த சிம். வெளிநாட்டில் வேலைக்குப் போன யாரைக் கேட்டாலும் இந்தச் சுற்றைப் பற்றிச் சொல்வார்கள். நாட்டுக்கு நாடு வரிசை மட்டும் கொஞ்சம் மாறும். இதை உடைக்கும் வசதி வேலை கொடுத்தவரிடம்தான் இருக்கிறது. இவர் எங்கள் ஆசிரியர், முதல் மாதம் நாங்கள் கொடுத்த இந்த முகவரியில் தங்கியிருக்கிறார் என்று பள்ளியின் கடிதத் தாளில் நாலு வரி எழுதிக் கொடுத்தால் அட்டை வேலை அன்றைக்கே தொடங்கிவிடும். நீங்கள் நிறுத்தியிருக்கும் தங்குமிடம் வெறும் கட்டிலும் கூரையும் இல்லை. ஆசிரியரின் மற்ற எல்லாக் காகிதங்களும் அதில்தான் தொடங்குகின்றன.

பணத்துக்கு வருகிறேன். மாதத்தின் நடுவில் சேரும் ஆசிரியரின் பெயர் அந்த மாதச் சம்பளப் பட்டியலில் ஏறாது. அடுத்த மாதக் கடைசியில்தான் சேர்த்துப் போடுவீர்கள். அதுவரை வீட்டுக்கு முன்பணம், வாடகை, தரகுக் கூலி, பாய் தலையணை, பாத்திரம், மருத்துவப் பரிசோதனை, சான்றிதழ் மொழிபெயர்ப்பு என்று எல்லாம் கைக்காசில் நடக்க வேண்டும். கைக்காசோ புறப்படும் முன்பே பாதி கரைந்திருக்கும். பட்டச் சான்றிதழ், காவல்துறை நற்சான்று, அனுபவச் சான்று எல்லாவற்றுக்கும் சான்றொப்பம் வாங்கியாக வேண்டும். 1961-இன் ஹேக் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளுக்கிடையே அப்போஸ்டில் என்ற ஒரே சான்று முத்திரையோடு வேலை முடியும். சேராத நாடு என்றால் அமைச்சகம், தூதரகம் என்று ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். சீனாவில்கூட அந்த ஒப்பந்தம் 2023 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அங்கே கற்பிக்கப் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள், காகிதத்துக்காக எத்தனை கதவுகளைத் தட்டினார்கள் என்று சொல்வார்கள்.

இந்தச் செலவில் தனி ஆளுக்கு என்று எது குறைகிறது? ஒருவர் தங்கினாலும் வீட்டு முன்பணம் அதேதான், தரகரின் கூலியும் அதேதான். தம்பதியாக வருபவர்களுக்குப் பின்னால் பல நேரம் இன்னொரு சம்பளமோ, இன்னொருவரின் சேமிப்போ இருக்கும். தனியாக வருபவருக்கு இருப்பது அவர் கொண்டுவந்த பணம் மட்டும்.

பணத்தைவிட என்னை அதிகம் வாட்டியது வேறொன்று. வேலையில் சேர்ந்த அன்று உங்கள் அலுவலகம் கொடுத்த படிவத்தில், அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டிய உள்ளூர் நபர் என்று ஓர் இடம் இருந்தது. அந்த நாட்டில் எனக்கு யாரைத் தெரியும்? எழுத்தரிடம் கேட்டேன். பள்ளியின் எண்ணையே எழுதிவிடுங்கள், எல்லாத் தனி ஆட்களும் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்றார். எழுதினேன். முதல் வாரத்திலேயே இரவில் காய்ச்சல் ஏறியது. காப்பீட்டு அட்டை குடியிருப்பு அட்டை வந்த பிறகுதான் வரும். மருத்துவமனையில் பணம் கட்டச் சொல்வார்களா, எவ்வளவு கேட்பார்கள் என்று தெரியவில்லை. படிவத்தில் நான் எழுதிக் கொடுத்த அதே எண்ணுக்கு நானே போன் செய்தேன். அலுவலக நேரம் முடிந்துவிட்டது, காலையில் அழையுங்கள் என்ற பதிவுக் குரல்தான் வந்தது. எனக்கு ஏதாவது ஆகியிருந்தால் மருத்துவமனையும் அந்த எண்ணைத்தான் அழைத்திருக்கும். அவர்களுக்கும் அதே பதிவுக் குரல்தான் பதில் சொல்லியிருக்கும்.

முதலில் எனக்குக் கிடைத்த அறையின் கதவில் உள்தாழ்ப்பாள் இல்லை. உரிமையாளரிடம் மாற்றுச் சாவி இருந்தது. ஒரு மாலை, சொல்லாமல் கொள்ளாமல் திறந்து உள்ளே வந்து மீட்டரைப் பார்த்துவிட்டுப் போனார். அன்று முதல் பெட்டிகளைக் கதவோடு ஒட்டி அடுக்கிவிட்டுத்தான் படுத்தேன். தூக்கம் எங்கே வரும்? காலையில் ஏழாம் வகுப்பில் பின்னங்கள் நடத்த வேண்டும். புது நாட்டுப் பிள்ளைகள், புதுப் பாடத்திட்டம், புது உச்சரிப்பு. பெயர்களைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்று வருகைப் பதிவேட்டைப் பார்த்து இரவெல்லாம் சொல்லிப் பழகியிருந்தேன். என் கையில் இருந்த தெம்பில் பாதியை அந்தக் கதவு எடுத்துக்கொண்டது. மீதிதான் பிள்ளைகளுக்குக் கிடைத்தது. ஆசிரியரின் அறைக்கதவு நிர்வாகத்தின் கவலை இல்லை என்று நீங்கள் நினைத்தால், வகுப்பறையில் நடப்பதும் உங்கள் கவலை இல்லை என்றாகிவிடும்.

தனியாக வந்தவர்கள்மேல் சுமத்தப்படும் இன்னொரு சுமை எந்தச் சுற்றறிக்கையிலும் இருக்காது. விடுமுறை நாள் நிகழ்ச்சியா, விடுதிக் கண்காணிப்பா, மாலை வகுப்பா, முதலில் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். உங்களுக்கு வீட்டில் யார் காத்திருக்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். கேட்டவர்களிடம் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஆனால் ஒரு வாரக் கடைசி போனால் குடியிருப்பு அலுவலகத்துக்குப் போகும் நேரம் போகிறது, வீடு பார்க்கும் நேரம் போகிறது, ஊருக்குப் போன் பேசும் நேரம் போகிறது. இந்த வேலைகளைப் பங்குபோட எங்களுக்கு வேறு ஆள் கிடையாது. வேலை வாங்கும்போது தனி ஆளுக்கு நேரம் அதிகம் என்கிறீர்கள். உதவி செய்யும்போது தனி ஆளுக்குத் தேவை குறைவு என்கிறீர்கள். இரண்டிலும் கணக்கு உங்களுக்குச் சாதகமாகவே முடிகிறது.

பாஸ்போர்ட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அட்டை வேலைக்காக என்று வாங்கிய என் பாஸ்போர்ட், வேலை முடிந்த பிறகும் அலுவலக அலமாரியிலேயே இருந்தது. பத்திரமாக இருக்கட்டுமே என்றார்கள். கேட்டுக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. அடையாள ஆவணங்களைப் பிடித்து வைப்பது, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான ஐஎல்ஓ கட்டாய உழைப்புக்கு அடையாளமாகச் சொல்லும் 11 குறிகளில் ஒன்று. நல்ல பெயர் உள்ள ஒரு பள்ளி அந்தப் பட்டியலின் பக்கத்தில்கூடப் போகக் கூடாது. குடும்பத்தோடு இருப்பவருக்காவது கேட்டு வாங்க உடன் ஒருவர் வருவார். தனி ஆள், மேலதிகாரியைப் பகைத்துக்கொள்ள வேண்டாம் என்று பேசாமல் இருந்துவிடுவார். பிரச்சினை இல்லை என்பதால் அவர் பேசாமல் இருக்கிறார் என்று எண்ணிவிடாதீர்கள்.

நான் சலுகை கேட்பதாக உங்களில் சிலருக்குத் தோன்றலாம். உலகம் எப்போதோ ஒப்புக்கொண்ட விஷயங்களைத்தான் கேட்கிறேன். புலம்பெயரும் தொழிலாளருக்கு வேலை ஒப்பந்தத்தின் பிரதியைப் புறப்படும் முன்பே கையில் கொடுப்பது பற்றி, ஐஎல்ஓவின் 1949-ஆம் ஆண்டு 97-ஆவது ஒப்பந்தத்தின் இணைப்பே பேசுகிறது. தனியார் ஏஜென்சிகள் வேலை தேடுபவரிடம் நேரடியாகவோ சுற்றிவளைத்தோ கட்டணம் வாங்கக் கூடாது என்பது 1997-ஆம் ஆண்டின் 181-ஆவது ஒப்பந்தத்தின் 7-ஆவது பிரிவு. கட்டணமும் அது சார்ந்த செலவுகளும் என்றால் எவையெவை என்று ஐஎல்ஓ 2019-இல் விளக்கம் வெளியிட்டது. மருத்துவப் பரிசோதனை, காப்பீடு, பயிற்சியும் அறிமுக வகுப்புகளும், பயணம், தங்குமிடம், நிர்வாகச் செலவு எல்லாம் அதில் அடக்கம். ஆள் சேர்ப்பதால் வரும் இந்தச் செலவுகளைத் தொழிலாளர் தலையில் கட்டக் கூடாது என்பதுதான் அதன் அடிப்படை. இவற்றை எல்லா நாடுகளும் ஏற்றுக் கையெழுத்திடவில்லை என்பது எனக்குத் தெரியும். கையெழுத்திடாத நாட்டில் இருக்கும் பள்ளி நியாயமாக நடந்துகொள்ளக் கூடாது என்று எந்தச் சட்டமும் தடுக்கவில்லையே.

ஆசிரியர்களுக்கென்றே எழுதப்பட்டதும் ஒன்று உண்டு. காமன்வெல்த் நாடுகளின் கல்வி அமைச்சர்கள் 2004 செப்டம்பரில் ஆசிரியர் ஆள்சேர்ப்பு நெறிமுறை ஒன்றை ஏற்றுக்கொண்டார்கள். சட்டமாகக் கட்டுப்படுத்தாது என்றாலும் அதில் சொல்லியிருப்பது தெளிவானது. வெளிநாட்டிலிருந்து எடுக்கும் ஆசிரியருக்கு வேலை நிபந்தனைகள் முழுதாகத் தெரிய வேண்டும். வந்த பிறகு பள்ளியையும் சுற்றுச்சூழலையும் பழக்கப்படுத்தும் அறிமுகப் பயிற்சி கிடைக்க வேண்டும். முறையிட ஒரு வழி இருக்க வேண்டும். குடும்பத்தோடு வருபவர்களுக்கு மட்டும் என்று அதில் எங்கும் இல்லை. உங்கள் நேர்காணலில் என்னிடம் காட்டிய வண்ணக் கையேட்டில் உலகத் தரம் என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. அந்தத் தரம் வந்து சேரும் ஆசிரியரையும் தொட வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

இதையெல்லாம் ஏஜென்சி பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் நடந்ததைப் பாருங்கள். 2007 முதல் பிலிப்பைன்ஸிலிருந்து 350-க்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் அங்கே அரசுப் பள்ளிகளுக்கு வந்தார்கள். தங்களைச் சேர்த்துவிட்ட ஏஜென்சிக்கு ஆளுக்குச் சுமார் 16,000 டாலர் வரை கட்டணமாகக் கொடுத்திருந்தார்கள். பலரும் வட்டிக்கு வாங்கிக் கட்டிய பணம். எதிர்த்துக் கேட்டவர்களை ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவதாக மிரட்டினார்கள். ஆசிரியர்கள் நீதிமன்றம் போனார்கள். 2012 டிசம்பரில் கலிபோர்னியாவின் கூட்டாட்சி நீதிமன்ற ஜூரி, அந்த ஏஜென்சியும் அதன் உரிமையாளரும் 45 லட்சம் டாலர் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அவர்கள் படித்தவர்கள், அனுபவம் உள்ளவர்கள், ஆங்கிலம் சரளமாகத் தெரிந்தவர்கள். அவர்களையே அந்த நிலைக்குத் தள்ள முடிந்தது. புது நாட்டில், கடனோடு, அனுமதிக் காகிதம் இன்னொருவர் கையில் இருக்கும்போது, யாரையும் மிரட்ட முடியும். உங்கள் ஏஜென்சி என்னிடம் பதிவுக் கட்டணம் என்றும் சேவைக் கட்டணம் என்றும் தனித்தனியாக வாங்கியது. அதைப் பள்ளியில் சொன்னபோது எங்களுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்றார்கள். ஆள் உங்களுக்கு வேண்டும்; அவரைக் கூட்டிவந்த விதத்துக்கு மட்டும் நீங்கள் பொறுப்பில்லை என்றால் எப்படி?

உங்கள் புது முடிவு என்ன செய்யும் என்பதை ஊகிக்கத் தேவையில்லை. கல்வியாண்டின் நடுவில் சேர்ந்த ஓர் இளம் ஆசிரியைக்கு அதை முன்கூட்டியே நடைமுறைப்படுத்திவிட்டீர்கள். அவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். என் பழைய சக ஆசிரியை ஒருவர் வழியாக என்னிடம் ஆலோசனை கேட்டுப் பேசினார். அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அவருக்கு வாடகை வீடு அமையவில்லை. பல பேர் தங்கும் விடுதி ஒன்றின் மேல் கட்டிலில் தங்கினார். உட்கார்ந்தால் தலை கூரையில் இடிக்கும் என்பதால் குப்புறப் படுத்துக்கொண்டு, போன் வெளிச்சத்தில் பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்தியிருக்கிறார். கீழே மற்றவர்கள் தூங்குவார்கள், விளக்குப் போட முடியாது. பாடக் குறிப்பை எழுதிக்கொள்ள ஒரு மேசைகூட இல்லை. பள்ளியில் கேட்டபோது எல்லோருக்கும் ஒரே விதி என்றிருக்கிறார்கள். பருவம் முடிவதற்குள் ஊருக்குத் திரும்பிவிட்டார். அவருடைய கோப்பில் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த வேலைக்குப் போகும் இடமெல்லாம் அந்தச் சொல் அவரோடு போகும்.

அந்தக் குறிப்பை நீங்கள் திருத்த வேண்டும். எந்தச் சூழலுக்கு அவர் பொருந்தவில்லை? வகுப்புக்கு அவர் ஒருநாளும் தாமதமாக வரவில்லை என்று அங்கே இருப்பவர்களே சொல்கிறார்கள். பிள்ளைகள் அவரைக் கேட்டு அழுதிருக்கிறார்கள். அந்த வகுப்புக்கு அவர் அந்த ஆண்டின் இரண்டாவது கணித ஆசிரியை. இப்போது மூன்றாவது ஆள் வந்திருக்கிறார். இயற்கணிதம் தொடங்கும் வயதில் ஆள் மாறிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்று எந்தக் கணித ஆசிரியரைக் கேட்டாலும் சொல்வார். ஒருவர் ஒரு முறையில் சமன்பாட்டைத் தொடங்குவார், அடுத்தவர் வேறு முறையில் தொடர்வார். பிள்ளை, தனக்குத்தான் கணக்கு வரவில்லை என்று முடிவுகட்டிவிடும். அதற்கப்புறம் அந்த எண்ணத்தை மாற்றுவது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும். அந்தக் குழந்தைகளை நினைத்தால்தான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

செலவைக் காரணம் சொல்வீர்கள். ஒருவர் பாதியில் போனால் புது விளம்பரம், புது விசா, புது டிக்கெட், ஏஜென்சிக்கு மறுபடி கமிஷன், இடைப்பட்ட வாரங்களில் மற்ற ஆசிரியர்களின் மேல் கூடுதல் வகுப்புகள். இவற்றையும் ஒரு மாத அறை வாடகையையும் உங்கள் கணக்குப் பிரிவிடம் கொடுத்துக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு தனி ஆள் ஓடிவிடுவார் என்ற பயம் சிலருக்கு இருப்பதாகவும் கேள்விப்பட்டேன். நான் விமான நிலையத்திலிருந்து அழைத்துவந்த யாரும் அப்படிப் போகவில்லை. அவர்களில் சிலர் இன்றைக்கு உங்கள் துறைத் தலைவர்கள். முன்பணம் தானமும் இல்லை, சம்பளத்தில் தவணையாகப் பிடித்துக்கொள்ளும் பணம்தானே.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். குடும்பத்தோடு வருபவர்களுக்குச் செய்வதைக் குறைக்கும்படி நான் கேட்கவில்லை. அவர்களுக்குப் பெரிய வீடு வேண்டும், பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம் வேண்டும். அது வேறு வகைக் கஷ்டம். எங்கள் இருவரையும் எதிரெதிரே நிறுத்தாதீர்கள்.

2030-க்குள் தொடக்க, இடைநிலைப் பள்ளிகளுக்கு இன்னும் 4.4 கோடி ஆசிரியர்கள் தேவை என்று யுனெஸ்கோ சொல்கிறது. கணிதத்துக்கும் அறிவியலுக்கும் நல்ல ஆள் வேண்டும் என்று தேடும் பள்ளிகள் பெருகிக்கொண்டே போகின்றன. தனியாகக் கிளம்பி வரத் துணிந்தவர்களில் கல்லூரி முடித்துச் சில ஆண்டுகளே ஆன இளையவர்கள் இருக்கிறார்கள், கணவரை இழந்தவர்கள் இருக்கிறார்கள், ஊரில் பிள்ளைகளைத் தாயிடம் விட்டுவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். உங்கள் பட்டியலில் அவர்கள் தனி நபர். அவர்களுடைய சம்பளத்தை நம்பி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று நீங்கள் கேட்டதே இல்லை.

என் கோரிக்கைகளைச் சொல்கிறேன். முதலாவது, அந்தச் சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். விமான நிலைய வரவேற்பும், முதல் மாதத் தங்குமிடமும், சம்பள முன்பணமும் வெளிநாட்டிலிருந்து வரும் எல்லா ஆசிரியருக்கும் உண்டு என்று எழுதுங்கள். அதை நிர்வாகத்தின் கருணையாக விடாமல் ஒப்பந்தத்திலேயே சேர்த்து, டிக்கெட் போடும் முன்பே கையெழுத்தான பிரதியை ஆசிரியருக்கு அனுப்புங்கள். தங்குமிடம் என்றால் உள்ளிருந்து தாழிடக்கூடிய கதவும் உட்கார்ந்து எழுத ஒரு மேசையும் உள்ள தனி அறை என்று அதில் தெளிவாக இருக்கட்டும்.

இரண்டாவது, இரவு பகல் எந்நேரமும் ஒரு மனிதர் எடுத்துப் பேசும் அவசர எண் ஒன்றை ஏற்படுத்துங்கள். குடியிருப்பு அட்டை கைக்கு வரும்வரை மருத்துவச் செலவைப் பள்ளி ஏற்க வேண்டும், வந்து இறங்கிய நாளிலிருந்தே காப்பீடு நடப்பில் இருக்க வேண்டும். வங்கிக்கும் குடியிருப்பு அலுவலகத்துக்கும் தேவையான கடிதங்களை ஆசிரியர் வந்து சேரும் நாளிலேயே தயாராக வைத்திருங்கள். முதல் மாதத்தில் அந்த அலுவலகங்களுக்குப் போய்வர வேலை நேரத்திலேயே அனுமதி கொடுங்கள். அந்த மாதம் முழுவதும் வாரக் கடைசிப் பணி எதையும் அவர்களுக்குப் போடாதீர்கள். அதற்குப் பிறகும் யாருக்குக் குடும்பம் இருக்கிறது, யாருக்கு இல்லை என்று பார்க்காமல் எல்லோருக்கும் முறை வைத்துப் பிரித்துக் கொடுங்கள்.

மூன்றாவது, உங்கள் அலமாரியில் இருக்கும் பாஸ்போர்ட்டுகளை அவரவரிடம் இந்த மாதமே திருப்பிக் கொடுங்கள். இனி அரசு வேலைக்காக வாங்கினால் ரசீது கொடுத்து, என்றைக்குத் திரும்பக் கிடைக்கும் என்று அதில் தேதி எழுதுங்கள். ஆசிரியரிடம் கட்டணம் வாங்கும் ஏஜென்சியோடு ஒப்பந்தம் வைத்துக்கொள்ளாதீர்கள். ஏற்கனவே வாங்கியிருந்தால் அதைத் திருப்பித் தரச் செய்வது உங்கள் பொறுப்பு.

நான்காவது, பாதியில் திரும்பிப் போன அந்த ஆசிரியையின் கோப்பில் இருக்கும் குறிப்பை நீக்கி, அவர் கற்பித்த காலத்துக்கு ஒரு நேர்மையான அனுபவச் சான்றிதழை அவருக்கு அனுப்புங்கள். தங்குமிடத்துக்காக அவர் செலவழித்ததைக் கணக்குப் பார்த்துக் கொடுங்கள்.

அடுத்த கல்வியாண்டுக்கான ஆஃபர் லெட்டர்கள் இன்னும் போகவில்லை என்று அறிகிறேன். அவை போவதற்கு முன்பே இந்த நான்குக்கும் உங்கள் முடிவை எழுத்தில் தெரிவியுங்கள். எனக்கு அனுப்ப வேண்டியதில்லை. ஸ்டாஃப் ரூம் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள், புதிதாக வரப்போகும் ஒவ்வொருவருக்கும் ஆஃபர் லெட்டரோடு ஒரு பிரதி வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பள்ளியில் கணிதம் கற்பித்த ஓர் ஆசிரியை